அழுத்துற நேரம்

பாடசாலை மட்ச் ஒன்று முடிந்த இரவே பேஸ்புக்கில் அல்பம் ஏறிவிடும். இருநூறு படம், முந்நூறு படம். ஒருக்கா பொறுமையாக இருந்து எண்ணிப் பாருங்கோ. பிரதம விருந்தினர் காரால் இறங்குகிறார். மாலை போடுகிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். வீரர்கள் வரிசையில் நிற்க அவர் ஒவ்வொருவராய்க் கை கொடுத்துக்கொண்டு போகிறார். உரை. பிறகு கேடயம். இவ்வளவையும் கழித்தால் விளையாட்டு எத்தனை படத்தில் மிஞ்சும்? மிஞ்சுகிற பத்துப் பதினைந்திலும் துடுப்பாட்ட வீரர் அடித்து முடித்துவிட்டு நிற்கிறார், பந்தைக் காணவில்லை. கோல்காப்பாளர் விழுந்து கிடக்கிறார், கோல் எப்பவோ போய்விட்டது. ஓடின பிள்ளை கோட்டைத் தாண்டி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குது.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவினம்: "எங்களிட்ட நல்ல கமரா இல்லை."

நாங்கள் இதை ஏற்கவில்லை. நல்ல கமரா இருந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஷட்டரை எப்போது அழுத்த வேண்டும் என்பதைக் கமரா சொல்லித் தராது. விளையாட்டைத் தெரிந்தவருக்குத்தான் அது தெரியும். யாரைப் பார்க்க வந்தோம் என்பதில் தெளிவாக இருப்பவருக்குத்தான் அது கைகூடும். எங்கட மைதானப் படங்களில் இல்லாமல் போனது இந்த இரண்டும்தான்.

கண்டபிறகு அழுத்தினால் பிந்திப் போச்சு

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒன்றைக் கண் கண்டு, மூளை விளங்கி, விரல் அசைய எங்களுக்கு ஏறக்குறைய 0.2 செக்கன் தேவை. ஓட்டப் போட்டிகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 செக்கனுக்குள் ஒருவர் புறப்பட்டால் அதைப் பிழையான தொடக்கம் என்றுதான் எடுப்பார்கள். சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடினார் என்றால் அவ்வளவு கெதியாக ஓட முடியாது, சத்தத்துக்கு முன்னமே மனதால் ஓடிவிட்டார் என்பது அதன் பொருள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் காதால் கேட்டு ஓடுவதற்கே இந்த நிலை என்றால், மைதான ஓரத்தில் வெயிலில் நிற்கிற எங்கட விரல் எந்த மூலைக்கு?

பாடசாலை மட்டத்தில் நல்ல வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு ஏறக்குறைய 30 மீற்றர். 0.2 செக்கனில் பந்து 6 மீற்றர் போய்விடும். பந்து மட்டையில் படுவதைக் கண்டு, "இதுதான்" என்று அழுத்தினால், படத்தில் விழுவது பட்டு 6 மீற்றர் போனபிறகு உள்ள காட்சி. அதோடு பொத்தானை அழுத்தியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையில் கமராவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். மலிவான போனில் அந்தத் தாமதம் இன்னும் கூட.

ஆக, நடந்ததைப் பார்த்து எடுக்கிற படம் எதுவும் நடந்த கணத்தின் படமாக இருக்காது. நடக்கப் போவதை ஊகித்து, அது நடக்க முன்னமே விரல் இறங்க வேண்டும். விளையாட்டுப் படத்தில் முழுப் பிரச்சினையும் இதுக்குள்ளதான் இருக்கு.

இங்கே இரண்டு விஷயத்தைப் பலர் போட்டுக் குழப்புகிறார்கள். ஷட்டர் வேகம் வேறு, ஷட்டர் நேரம் வேறு. 1/1000 செக்கனுக்கு வைத்தால் அந்த 110 கிலோமீற்றர் பந்து ஷட்டர் திறந்து மூடுவதற்குள் 3 சென்ரிமீற்றர் நகரும், கொஞ்சம் கலங்கித் தெரியும். 1/4000க்கு வைத்தால் ஒரு சென்ரிமீற்றரும் நகராது, பந்தின் தையல்கூடத் தெரியும். இது அமைப்பு. யாரிடமும் கேட்டுப் பத்து நிமிடத்தில் பழகலாம். ஆனால் பந்து எங்கே இருக்கும்போது அந்த 1/4000 செக்கன் திறக்க வேண்டும் என்பது கமராவின் எந்த மெனுவிலும் இல்லை.

செக்கனுக்கு 120 படம் எடுத்தால்?

"அதுக்குத்தானே தொடர்ந்து எடுக்கிற வசதி இருக்கு. அழுத்திப் பிடிச்சா சரி, பிறகு நல்லதைத் தெரிவு செய்யலாம்தானே?"

நியாயமான கேள்வி. 2023 இறுதியில் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 கமரா செக்கனுக்கு 120 படம் எடுக்கும். லென்ஸ் இல்லாமலே அறிமுக விலை 6000 அமெரிக்க டொலர் அளவில். வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 10 படம் எடுக்கும் சாதாரண கமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எங்கட பந்து 3 மீற்றர் போகும். 20 படமென்றால் ஒன்றரை மீற்றர். 120 படமென்றால் 25 சென்ரிமீற்றர். பந்து மட்டையோடு ஒட்டியிருப்பது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு காசு கொடுத்தும் பந்து மட்டையில் படுகிற அந்தக் கணம் இரண்டு படத்துக்கு இடையில் நழுவிப் போக இடமிருக்கு.

அது போகட்டும். 50 ஓவர் இன்னிங்ஸ் ஒன்றில் 300 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு செக்கன் அழுத்திப் பிடித்தால் 36,000 படம். யார் இருந்து பார்ப்பது? பார்க்கிறவருக்கு விளையாட்டுத் தெரியாவிட்டால் அந்த 36,000 இல் எது படம் என்று எப்படித் தெரியும்? விளையாட்டை மைதானத்தில் பார்க்காமல் தப்பினால், வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்து பார்த்தாக வேண்டும். அறிவுக்கான தேவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பதிவுசெய்கிற கமரா ஒன்று விளையாட்டு உலகில் ஏற்கனவே இருக்கு. ஓட்டப் போட்டியின் முடிவுக் கோட்டில் வைக்கிற கமரா. அது கோட்டை மட்டும் ஒரு நூலிடைவெளிக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டை யார், எந்த உறுப்பால், எப்போது தொட்டாலும் வரிசையாகப் பதியும். 2000 சிட்னி ஒலிம்பிக் பெண்கள் 200 மீற்றரில் பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கன், எங்கட நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன். வித்தியாசம் 0.01. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர், ஒரு கையகலம். முதலிடம் வந்த மேரியன் ஜோன்ஸின் பதக்கம் 2007 இல் பறிக்கப்பட, வெண்கலம் வெள்ளியானது. அந்தக் கையகலத்தைச் சரியாகச் சொன்னது முடிவுக் கோட்டுக் கமராதான். அதுக்கு எந்த நேரக் கணிப்பும் தேவையில்லை, எதையும் தவறவிடாது.

ஆனால் அந்தக் கமராவின் படத்தை யாரும் வீட்டுச் சுவரில் கொழுவுவதில்லை. கால்கள் இழுபட்டு, முகங்கள் நெளிந்து, மனிதர்கள் வரைபடம்போல இருப்பார்கள். எப்போது என்று அதுக்குத் தெரியும். ஒரு பிள்ளை என்ன பாடுபட்டு அந்தக் கோட்டுக்கு வந்தது என்று தெரியாது. அதைச் சொல்ல, ஒரு கணத்தைத் தெரிவு செய்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

ஒரேயொரு வெளிச்சம், நாலு படம்

இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டையும் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

முதலாவது, 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊரில் எடுத்தது. முதல் சுற்றிலேயே சன்னி லிஸ்டன் விழுந்து கிடக்கிறார். மேலே முகமது அலி கையை மடக்கி நின்று கத்துகிறார். எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது வயது 22. வளையத்துக்கு மேலே பெரிய ஃப்ளாஷ் விளக்குகளைக் கட்டியிருந்தார்கள். ஒருக்கா எரிந்தால் திரும்ப மின்னேறச் சில செக்கன்கள் வேண்டும். அழுத்திப் பிடித்து அள்ளுகிற கதையே இல்லை. ஒரு வெளிச்சம், ஒரு படம். அதை எதுக்குச் செலவழிப்பது என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயம் இருக்கு. அலியின் கால்களுக்கு இடையால் எதிர்ப்பக்கம் ஒரு படப்பிடிப்பாளர் தெரிகிறார். அவர் ஹேர்ப் ஷார்ஃப்மன், அனுபவசாலி. அதே கணம்தான் அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது அலியின் முதுகு. எந்தப் பக்கம் இருப்பது என்பதில் அதிர்ஷ்டமும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. இடம் பிழைத்தால் நேரம் சரியாக இருந்தும் பயனில்லை என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது, 2024 ஜூலை 29. பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி பாரிஸில் நடக்கவில்லை, பசிபிக் கடலில் தாஹிட்டித் தீவின் தியாஹுப்போ என்ற இடத்தில் நடந்தது. பிரேசில் வீரர் கப்ரியேல் மெடினா ஒரு பெரிய அலையை முடித்துக்கொண்டு வெளியே வருகிறார். காற்றில் நேராக நிற்கிறார், ஒரு விரல் வானத்தை நோக்கி. பக்கத்தில் அவருடைய பலகையும் அதேபோல நேராக. எடுத்தவர் ஏஎஃப்பி செய்தி முகவரகத்தின் ஜெரோம் புரூயே. அவர் நின்றது படகில். அலை மறைத்ததால் மெடினா சறுக்கிக்கொண்டு வந்ததை அவர் காணவே இல்லை. ஆனால் நல்ல அலை ஒன்றை முடித்தால் மெடினா இப்படித் துள்ளிக்கொண்டு வெளியே வருவார் என்பது தெரியும். அலையின் பின்பக்கத்துக்குக் கமராவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எடுத்தது நாலே நாலு படம். அதில் ஒன்றைத்தான் உலகம் முழுக்கப் பார்த்தது.

ஒருவரிடம் 1965 இன் கமரா, மற்றவரிடம் 2024 இன் கமரா. வேலை ஒன்றுதான். என்ன வரும் என்று தெரிந்து, வருமிடத்தில் காத்திருந்தார்கள்.

எங்கட மைதானங்களில்

சரி, இது ஒலிம்பிக் கதை. எங்கட ஊரில் இது எப்படிப் பொருந்தும்?

கரப்பந்தாட்டத்தை எடுங்கோ. 1991 இலிருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. பின்னேரமானால் ஊர் மைதானங்களில் வலை கட்டி விளையாடாத இடமில்லை. அடிக்கிறவர் 60 சென்ரிமீற்றர் பாய்கிறார் என்றால் காற்றில் இருப்பது 0.7 செக்கன். அதில் சரிபாதி நேரம் அவர் உச்சியின் கடைசி 15 சென்ரிமீற்றருக்குள்தான் இருப்பார். மேலே போகப் போக வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பிறகு இறங்குவதால் வருகிற சலுகை அது. ஆள் அந்தரத்தில் நிற்கிறமாதிரி எங்களுக்குத் தெரிவது சும்மா மனப்பிரமை இல்லை. அந்த இடத்தில் சாதாரண போனும் தெளிவான படம் எடுக்கும். ஆனால் யார் பாயப் போகிறார் என்று தெரிய வேண்டுமே. அதுக்கு அடிக்கிறவரைப் பார்க்கக் கூடாது. பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவரின் கையையும் தோளையும் பார்க்க வேண்டும். நாலு மட்ச் கூர்ந்து பார்த்தால் அவர் எப்போது முன்னுக்குக் கொடுப்பார், எப்போது தலைக்குப் பின்னால் கொடுப்பார் என்று பிடிபடும்.

கிரிக்கெட்டில் ரன் அவுட். பந்தைத் துரத்திக்கொண்டு கமராவைத் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. களத்தடுப்பாளர் பந்தை எடுக்கும்போதே எந்தப் பக்கம் எறிவார் என்று முடிவெடுத்து, அந்த விக்கெட்டில் குவியத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போனில் அந்த விக்கெட் உள்ள இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினால் குவியமும் வெளிச்சமும் பூட்டுப்படும். பிறகு போன் யோசித்துக்கொண்டிருக்காது.

வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் 3 செக்கனுக்குள் விட்டாக வேண்டும். இது சட்டம். படம் எடுக்கிறவருக்கு இது பெரிய உதவி. கோல் வட்டத்துக்குள் பந்து போனால் உங்களுக்கு அதிகபட்சம் 3 செக்கன் இருக்கு என்று தெரியும். யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிய பேச்சு எப்பவும் அவருடைய உயரத்தில்தான் தொடங்கும், 208 சென்ரிமீற்றர். பக்கத்தில் யாராவது கட்டையான ஆளை நிறுத்தி எடுக்கிற படம் யாருக்கும் வரும். ஆனால் 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் அவர். இரண்டு பேர் மறிக்க, உயரப் பாய்ந்து வந்த பந்தை விரல் நுனியால் பிடித்து இறக்குகிற அந்தக் கணத்தில் உயரத்தோடு சேர்த்து அவருடைய கையும் கண்ணும் பல வருடப் பழக்கமும் தெரியும். உயரத்தை மட்டும் பார்த்தவர் அந்தக் கணத்துக்குக் காத்திருக்க மாட்டார்.

மாட்டுவண்டிச் சவாரியில் கதையே வேறு. அங்கே 1/2000இல் எடுத்தால் மாடும் வண்டியும் சவாரித்திடலில் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும், வேகம் செத்துப் போகும். 1/60, 1/30 என்று குறைத்துக்கொண்டு, வண்டி வருகிற வேகத்துக்கே கமராவையும் உடம்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். நடுவில் அழுத்தி, அழுத்தின பிறகும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பின்னுக்கு நிற்கிற சனம் கோடாக இழுபட, மாட்டின் முகம் தெளிவாக நிற்கும். பத்தில் ஒன்று சரிவரும். அந்த ஒன்றில் புழுதிக்கும் வேகம் இருக்கும்.

இதில் எதுக்கும் ஆறாயிரம் டொலர் தேவையில்லை. பின்னேரங்களில் மைதானத்துக்குப் போய், கமராவை எடுக்காமல் விளையாட்டைப் பார்க்கிற பொறுமை தேவை.

உச்சக் கணம் மட்டும்தானா?

பந்து மட்டையில் படுவதுதான் எப்பவும் படம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2010 ஜூலை 22, காலி மைதானம். முத்தையா முரளிதரனுக்கு அதுதான் கடைசி டெஸ்ட், எண்ணூறாவது விக்கெட்டுக்கு ஒன்று மிச்சம், இந்தியாவுக்கும் கடைசி விக்கெட்டுத்தான் மிச்சம். பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடிக்கிறார். மைதானத்தைச் சுற்றி இருந்த ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் அந்தப் பந்துக்கு முன்னமே ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்: மட்டையைப் பார்ப்பதா, ஸ்லிப்பைப் பார்ப்பதா, முரளியின் கண்ணைப் பார்ப்பதா? மூன்றையும் ஒரு லென்ஸ் பார்க்காது. பந்து எங்கே போகும் என்று ஊகித்தவருக்குப் பிடி கிடைக்கும். அந்த மனிதருக்கு இந்த விக்கெட் என்ன என்று விளங்கினவருக்கு முகம் கிடைக்கும். இரண்டும் சரிதான். முடிவெடுக்காமல் நின்றவருக்கு ஒன்றும் கிடைக்காது.

சில வேளை படம் அந்தக் கணத்துக்குப் பிறகு வரும். உதைபந்தாட்டத்தில் கோல் விழுந்தவுடன் எல்லாக் கமராவும் அடித்தவனோடு ஓடும். அப்போது கோல்காப்பாளர் வலைக்குள்ளிருந்து தானே பந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவார், ஒருவரும் அவரைப் பார்க்காத நேரத்தில். இரண்டு செக்கன் பொறுத்தவருக்குத்தான் அது கிடைக்கும். வென்றவர் கொண்டாடுகிற படங்கள் ஒன்றுக்கொன்று நல்லாய் ஒத்துப்போகும். தோற்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கட பாட்டில்தான் தோற்கிறார்கள்.

ஷட்டர் இரண்டு தரம் அழுத்தப்படுது

மைதானத்தில் ஒருக்கா, பிறகு எந்தப் படத்தைப் போடுவது என்று முடிவெடுக்கும்போது இன்னொருக்கா. இந்த இரண்டாவது தரம் பற்றி நாங்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

1878 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரை ஒன்றைப் படமெடுத்தார். குதிரை பாயும்போது நாலு காலும் நிலத்தை விட்டு எழும்புவது உண்மை என்று அந்தப் படங்கள் காட்டின. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல முன்னும் பின்னும் கால் நீட்டியபடி இல்லை. கால்கள் வயிற்றுக்குக் கீழே மடிந்திருக்கும்போதுதான் எழும்புது. கண்ணுக்கு எட்டாததைக் கமரா காட்டும் என்று அன்றைக்கு உலகம் அறிந்தது. கண்ணுக்கு எட்டாததில் அழகானதும் இருக்கு, அழகில்லாததும் இருக்கு. அதிவேகமாகப் பாய்கிற எந்த உடம்பிலும், அந்த விளையாட்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு கோணல் கணம் கட்டாயம் இருக்கும். செக்கனுக்கு 20 படம் எடுத்தால் அந்தக் கணமும் மாட்டும்.

அதைப் போடுவதா வேண்டாமா என்பது உங்கட கையில். பெடியன் ஒருவன் விழுந்த படத்தைப் போட்டால் ஒரு நாள் சிரித்துவிட்டு விடுவார்கள். நீளம் பாய்கிற பிள்ளையின் உடை விலகின படத்தைப் போட்டால், அது பதினைந்து குரூப்பில் சுற்றி, கடைசியில் வீட்டில் "இனி விளையாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்" என்ற சொல்லில் போய் முடியும். எங்கட சமூகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்தானே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒளிபரப்புக்குப் பொறுப்பான நிறுவனமே தன் கமராக்காரர்களிடம், பெண்களையும் ஆண்களைப் படம் பிடிப்பதுபோலவே பிடியுங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது என்றால், நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீளம் பாய்தலில் படம் எங்கே இருக்கு என்று தெரிந்தவர் பலகையில் கால் ஊன்றி எழும்புகிற இடத்தையும், அந்த முகத்தையும் பார்ப்பார். தெரியாதவருக்கு மணலில் விழுந்தபிறகுதான் விரல் அசையும். அவமானப்படுத்துகிற படங்களில் கெட்ட எண்ணத்தால் வருவது பாதி. மிச்சம் பாதி நேரம் தெரியாததால் வருவது.

என்ன செய்யலாம்?

வடக்கின் பெருஞ்சமர் 1904 இலிருந்து நடக்குது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கிரிக்கெட் அது. ஊர் ஊராக இருக்கிற உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டக் கழகங்களின் கதை வேறு. இடப்பெயர்விலும் போரிலும் எங்கட வீடுகள் இழந்தவற்றில் அல்பங்களும் அடங்கும். ஒரு காலத்தில் ஊரே பார்க்க வந்த ஆட்டக்காரர் ஒருவர் எப்படிப் பாய்ந்தார், எப்படி அடித்தார் என்று காட்ட இன்று அவருடைய பேரப்பிள்ளைகளிடம் ஒரு படமும் இல்லாத வீடுகள் எத்தனையோ. வாய்க்கதை மட்டும்தான் மிச்சம். இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கு. இருந்தும் முப்பது வருடம் கழித்து ஒரு பிள்ளை தன் அம்மா ஓடின படத்தைக் கேட்டால், கேடயத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பிரதம விருந்தினருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிற படத்தைத்தான் காட்டப்போகிறோமா?

பாடசாலை ஊடகக் கழகங்களில் இருக்கிற தம்பி தங்கச்சிமார், கழகங்களின் பேஸ்புக் பக்கங்களை நடத்துகிற நண்பர்கள் எல்லாரிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

விருந்தினருக்கு ஐந்து படம் போதும். அவரும் அதுக்குமேல் பார்க்க மாட்டார். மிச்ச நேரத்துக்கு மைதானத்துக்கு வாருங்கோ.

மட்ச்சுக்கு முன்பாக இரண்டு பயிற்சி நாட்களுக்காவது போங்கோ. எடுக்கத் தேவையில்லை, பாருங்கோ. எந்தப் பிள்ளை அடிக்க முன்னம் தோளைச் சரிக்குது, எந்தப் பெடியன் பந்து போட முன்னம் உதட்டைக் கடிக்கிறான் என்று தெரிந்தால், பாதிப் படம் எடுத்த மாதிரித்தான். பெண்பிள்ளைகளின் மட்ச்சுக்கும் அதே ஆட்கள், அதே கமராவோடு போங்கோ.

படத்துக்குக் கீழே பெயரை எழுதுங்கோ. "எமது வீராங்கனை" என்று ஒரு பெயர் இல்லை. பெயர், போட்டி, திகதி. அவ்வளவும் இருந்தால்தான் அது பதிவு. பேஸ்புக்கில் போட்டது படத்தைச் சேமித்ததாக ஆகாது, மூலப்படத்தை ஒரு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருங்கோ. போடமுதல் அந்தப் பிள்ளையிடம் ஒருக்கா காட்டிக் கேளுங்கோ.

அடுத்த பருவத்துக்கு இல்ல விளையாட்டுப் போட்டி வரும். நூறு மீற்றர் இறுதி ஓட்டத்துக்கு எல்லாரும் முடிவுக் கோட்டில் குவிவார்கள். ஒருவராவது தொடக்கக் கோட்டுப் பக்கம் போய், பக்கவாட்டில் முழங்காலில் இருந்துகொள்ளுங்கோ. "ஆயத்தம்" என்றதும் எட்டுப் பேரின் விரலும் நிலத்தில் ஊன்றி, இடுப்பு எழும்பி, மூச்சு நிற்கும். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்காதேங்கோ. அதுக்கு முன்னம் அழுத்துங்கோ.